தீட்டு எந்த அடுக்கில்?

தொட்டால் தீட்டு என்றனர். தொடாமல் எட்டி நின்றாலும் தீட்டு என்றனர். நிழல் விழுந்தால் தீட்டு, எதிரே வந்தால் தீட்டு, கண்ணில் பட்டாலே தீட்டு என்றும் கூசாமல் கூறினர். கூறியவர் கூறட்டும். நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தீட்டு என்பது ஒரு பொருளா? பொருள் என்றால் அதற்கோர் இடம் வேண்டுமே, அந்த இடம் எது? தொடுவது தோல், தொடப்படுவதும் தோல். ஆகவே, தீட்டு என ஒன்று இருக்குமானால் அது தோலில்தான் இருந்தாக வேண்டும். தோலின் எந்த அடுக்கில் இருக்கிறது? எந்த அணுவில் ஒட்டியிருக்கிறது? தேடிப் பார்ப்போம்!

இன்று நம் நாட்டில் உடல் நீவும் கலை பயிலும் இளைஞர் பலர். மசாஜ் என நகரத்தார் அழைக்கும் தொழில் அது. இயன்முறை மருத்துவம் பயில்வோரும், செவிலியர் பணிக்குப் பயில்வோரும் ஆயிரமாயிரம். இவர்கள் அனைவரும் தொடக்கத்திலேயே படிக்கும் பாடங்களுள் ஒன்று மனிதத் தோலின் அமைப்பு. அவர்களுக்கு அது தேர்வுக்குரிய பாடம். நமக்கோ அது வழக்குமன்றத்தில் நிறுத்தப்பட வேண்டிய சாட்சி! நூற்றாண்டுக் கணக்கில் நடந்துவரும் வழக்கில் வேதம் சாட்சி சொல்லிற்று, புராணம் சாட்சி சொல்லிற்று, வழக்கம் சாட்சி சொல்லிற்று. குற்றம் சாட்டப்பட்ட தோலை மட்டும் யாரும் கூண்டில் ஏற்றி விசாரிக்கவில்லை. இப்போது விசாரிப்போம்.

மேல்தோலின் வாக்குமூலம்

தோலை ஒரு போர்வை என்று எண்ணிவிடுகிறோம். அது ஓர் உறுப்பு. வளர்ந்த மனிதனின் தோலை விரித்தால் ஏறத்தாழ 2 சதுர மீட்டர் பரப்பு வரும். மேல்தோல், அடித்தோல் என இரு பகுதிகள். இவற்றுக்குக் கீழே கொழுப்பு நிறைந்த திசு. மேல்தோலின் கனம் இடத்துக்கு இடம் மாறும். கண்ணிமையில் ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் 1.5 மில்லிமீட்டர் வரை. இமையை நீவும் விரலும் குதிகாலை அழுத்தும் விரலும் ஒரே விசையுடன் இயங்கலாகாது என்று மாணவருக்குச் சொல்லித் தருவது இதனால்தான்.

மேல்தோலின் அடித்தட்டில் உயிரணுக்கள் பிறக்கின்றன. பின்னால் பிறந்தவை தள்ள, முன்னால் பிறந்தவை மேலேறுகின்றன. ஏறும் வழியில் கெரட்டின் எனும் புரதம் அவற்றில் நிறைகிறது. உட்கருவை இழக்கின்றன, தட்டையாகின்றன, இறக்கின்றன. இறந்தும் பணி ஓயவில்லை. செங்கல் அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பெற்று, உடலின் நீர் வெளியேறாமலும் கிருமி உள்ளேறாமலும் காத்து நின்று, இறுதியில் செதிள்களாய் உதிர்கின்றன. பிறந்து, ஏறி, உதிரும் இந்தப் பயணம் ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்களில் முடிகிறது.

சிந்தியுங்கள் தோழர்களே! நாம் ஒருவரைத் தொடும்போது நம் விரல் உணரும் மேற்பரப்பு, உயிர் நீத்த அணுக்களின் அடுக்கு. தொடுகின்ற விரலின் மேற்பரப்பும் அதேதான். பிணத்தைத் தொட்டால் குளித்துத் தூய்மை பெறவேண்டும் என்று விதித்த ஆசாரசீலரைத் தலைமுதல் கால்வரை மூடியிருப்பது இறந்த அணுக்களாலான ஆடை! குளித்துக் குளித்து அவர் துடைத்துக்கொள்வதும் அந்த ஆடையைத்தான்.

இன்னொன்றும் காணுங்கள். சென்ற திங்களில் மேற்பரப்பாக இருந்த தோல் அடுத்த திங்களில் அங்கு இல்லை. உதிர்ந்து தூசியோடு தூசியாய்ப் போய்விட்டது. அப்படியிருக்க, பாட்டனிடமிருந்து தந்தைக்கும் தந்தையிடமிருந்து மகனுக்கும் இறங்கியதாகச் சொல்கிறார்களே, அந்தத் தீட்டு எந்த அணுவில் குடியிருந்தது? ஆறு வாரம் தங்க இயலாத இடத்தில் அறுபது தலைமுறை தங்கியது எங்ஙனம்?

நிறத்தையும் கேட்போம். அடித்தட்டு அணுக்களிடையே மெலனோசைட் எனும் அணுக்கள் அமர்ந்து, மெலனின் என்ற கருநிறமியை உண்டாக்கி அண்டை அணுக்களுக்கு வழங்குகின்றன. வழங்கப்பட்ட நிறமி, ஓர் அணுவின் உட்கருமேல் குடைபோல் கவிந்து, கதிரவனின் புறஊதாக் கதிர் அதைச் சிதைக்காமல் காக்கிறது. கருத்த தோலில் இந்த அணுக்களின் எண்ணிக்கை மிகுதி, வெளுத்த தோலில் குறைவு என்று பலர் கருதுகின்றனர். அது தவறு. உடலின் ஒரே இடத்தை ஒப்பிட்டால், எண்ணிக்கை எல்லா மக்களிடமும் ஏறத்தாழ ஒன்றே. நிறமிப் பொதிகளின் அளவும் பரவலுமே வேறுபடுகின்றன. வெயில் மிக்க நிலத்தில் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தவர்க்கு இயற்கை பெரிய குடை கொடுத்தது. குடையின் அளவை வைத்துக் குணத்தை அளப்பதும், குடையைக் கிழித்தெறியச் சொல்லி வெளுப்புக் களிம்பு விற்பதும் அறிவுடையார் செயலாகுமா?

அடியில் இருப்பது என்ன?

மேல்தோலில் இரத்தக் குழாய் ஒன்றுகூட இல்லை. இதை மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். நாம் மனத்தில் பதித்துக்கொள்வோம். மேலே இருப்பதற்குச் சொந்த உணவு இல்லை. அடித்தோலில் ஓடும் நுண்குழாய்களிலிருந்து ஊறிவரும் ஊட்டத்தை உண்டே மேல்தோல் வாழ்கிறது. மேலே இருப்பதால் மேன்மை என்று எண்ணுவோர், தம் உடம்பையே ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அடித்தோலில் கொலாஜன் இழைகள் உறுதி தருகின்றன. எலாஸ்டின் இழைகள் இழுத்தால் நீண்டு விட்டால் மீளும் தன்மை தருகின்றன. மயிர்க்கால்கள் அங்கே வேரூன்றியிருக்கின்றன. எண்ணெய்ச் சுரப்பிகள் அவற்றை ஒட்டி நிற்கின்றன. வியர்வைச் சுரப்பிகள் உடல் முழுவதும் 20 முதல் 40 இலட்சம் வரை. உழைப்பவன் வியர்வை நாறும் என்று மூக்கைப் பொத்துகின்றனர் சிலர். உடலைக் குளிர்விக்கச் சுரக்கும் வியர்வை பெரும்பகுதி நீரும் சிறிது உப்புமே. மணமற்றது. தோல்மேல் வாழும் நுண்ணுயிர்கள் அக்குள் போன்ற இடங்களில் சுரப்புகளைச் சிதைக்கும்போதே வாடை எழுகிறது. அந்த நுண்ணுயிர்கள் எல்லார் தோலிலும் உண்டு. அவை குலம் கேட்டுக் குடியேறுவதில்லை!

ஆஸ்திரிய நாட்டு உடற்கூற்று அறிஞர் கார்ல் லாங்கர் 1861ஆம் ஆண்டில் தோலின் இழுவைக் கோடுகளைப் பற்றி எழுதினார். பிணத்தின் தோலில் வட்டமான துளை இட்டால் அது நீள்வட்டமாய் இழுபடுவதைக் கண்டு, அந்த இழுவை எத்திசையில் ஓடுகிறது என்று உடலெங்கும் கோடு வரைந்தார். அறுவை மருத்துவருக்கு இன்றும் அந்த அறிவு பயன்படுகிறது. அவர் வரைந்த கோடுகள் தோளில் ஒருவகை, வயிற்றில் ஒருவகை. மனிதனை நான்காய்ப் பிரிக்கும் கோடு ஒன்றும் அவர் கண்ணில் படவில்லை.

இனித் தொடுஉணர்வுக்கு வருவோம். வழக்கின் உயிர்நாடி இதுதான். தோலில் நுண்ணிய தூதர்கள் இருக்கின்றனர். மைஸ்னர் நுண்ணுறுப்பு மெல்லிய தொடுகையை உணர்கிறது. மெர்க்கல் அணுக்கள் நிலைத்த அழுத்தத்தையும் பொருளின் விளிம்பையும் உணர்கின்றன. ருஃபினி நுண்ணுறுப்பு தோல் இழுபடுவதை உணர்கிறது. ஆழத்தில் வெங்காயம்போல் அடுக்கடுக்காய் அமைந்த பாசினி நுண்ணுறுப்பு அதிர்வை உணர்கிறது. வெறும் நரம்பு முனைகள் வெப்பம், குளிர், வலி, அரிப்பு ஆகியவற்றை அறிவிக்கின்றன. அழுத்தம் மின்செய்தியாய் மாறுவதற்குரிய புரத வாயில் ஒன்றைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியனுக்கு 2021ஆம் ஆண்டு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அந்த வாயில் திறக்க வேண்டியது விசை ஒன்றே. விசை எத்தனை, எவ்வளவு நேரம், எந்தத் திசை என்பதே அது அறிந்த மொழி. விரலுக்குரியவன் யார் மகன் என்பது அந்த மொழியில் எழுத முடியாத சொல்.

மயிர் உள்ள தோலில் வேறொரு வகை நரம்பிழையும் உண்டு. விரைந்து செய்தி சொல்ல அதற்குத் தெரியாது. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், உடல் வெம்மையுடைய கை மெல்ல வருடும்போது அது பெரிதும் விழிப்படைகிறது. உணர்ச்சிக்குரிய மூளைப் பகுதிக்குச் செய்தி அனுப்புகிறது. தாய் குழந்தையை வருடும் வேகமும் அதுவே. கொலம்பியா நாட்டின் போகோட்டா நகரில் 1978ஆம் ஆண்டு, குறைமாதக் குழந்தைகளுக்குப் போதிய வெப்பப் பேழைகள் இல்லாத மருத்துவமனையில், தாயின் மார்போடு குழந்தையைத் தோலோடு தோலாகச் சேர்த்துக் கட்டிக் காக்கும் முறையைத் தொடங்கினர். அது உலகெங்கும் பரவிப் பல உயிர்களைக் காத்திருக்கிறது. மனுநூலின் 5ஆம் அத்தியாயமோ, சண்டாளனையும் பிணத்தையும் சேர்த்துச் சொல்லும் அதே மூச்சில் பிள்ளை பெற்றவளையும் சேர்த்து, தொட்டவன் குளிக்க வேண்டும் என்கிறது. எந்தக் குளியல் குழந்தையைக் காத்தது? தாயின் தோலே காத்தது!

அருவருப்பு பொய்யா?

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம். "தோலில் தீட்டு இல்லை என்கிறீர், இருக்கட்டும். ஆனால், தாழ்ந்தவன் என்று நான் கருதுபவன் தொட்டால் என் உடம்பு கூசுகிறதே, அது பொய்யா?"

பொய்யன்று. கூச்சம் உண்மையே. அதன் பிறப்பிடம் எது என்பதே கேள்வி. ஒரே வருடலை, வருடுபவர் யார் என்று நாம் எண்ணுகிறோமோ அதைப் பொறுத்து மூளை இனிதாகவோ இன்னாததாகவோ கொள்கிறது என்பதை அறிவியலார் சோதித்துக் கண்டுள்ளனர். தோல் செய்தி சொல்கிறது; உள்ளம் தீர்ப்பு எழுதுகிறது. தீர்ப்புக்கான சட்டத்தைத் திண்ணையிலும் அடுக்களையிலும் பிஞ்சுப் பருவத்திலேயே ஓதிக்கொடுத்துவிடுகின்றனர். தவழும் குழந்தை எவர் மடியிலும் ஏறும். அதன் தோலில் அதே மைஸ்னரும் மெர்க்கலும் உண்டு. இல்லாதது ஒன்றே: இன்னும் யாரும் அதற்குக் கூசக் கற்பிக்கவில்லை.

கிடைத்துவிட்டது, தோழர்களே! தேடிய தீட்டு கிடைத்துவிட்டது. தோலின் எந்த அடுக்கிலும் இல்லாத அது, வளர்ப்பில் இருக்கிறது. வருந்த வேண்டியதில்லை. பிறப்பில் வந்ததென்றால் போக்க வழியில்லை. கற்பிக்கப்பட்டது என்றால் களைய வழியுண்டு. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கடைப்பிடிப்போர்க்குத் தண்டனை வகுத்தது. சட்டம் ஓங்கிய கையைத் தடுக்கும். ஒடுங்கும் உள்ளத்தை விரிக்க அறிவு வேண்டும்.

இந்தக் கூச்சம் எவ்வளவு வசதியானது என்பதையும் பாருங்கள். தமிழில் மருத்துவர் என்ற சொல், நெடுங்காலம் முடிதிருத்தும் மக்களின் குலப்பெயராக வழங்கியது. அந்தக் குலத்து மாதரை மருத்துவச்சி என்று அழைத்தனர். கட்டி கீறியவர் அவர்; பிள்ளைப்பேறு பார்த்தவர் அவள். உயர்குலம் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட இல்லங்களிலும் பிறந்த குழந்தையின் தோல் முதன்முதல் அறிந்த கை, பெரும்பாலும் அவள் கை. அந்தக் கையால் உலகுக்கு வந்தவன், வளர்ந்தபின் அந்தக் கை தொட்டால் தீட்டு என்றான்! கழுத்தில் சவரக்கத்தி வைக்க ஒப்புக்கொண்டான். காலடியில் உட்கார்ந்து நகம் வெட்ட ஒப்புக்கொண்டான். சரிசமமாய்த் திண்ணையில் உட்கார்ந்தால் மட்டும் தீட்டு என்றான். தொடுகை அவனைச் சுட்டிருந்தால் கத்தி பட்டபோதே சுட்டிருக்க வேண்டும். சுட்டது சமத்துவம்! 1924இல் வைக்கத்தில் மக்கள் போராடியது கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்காக. நடப்பவன் தோல் எவர் தோலிலும் படப்போவதில்லை. ஆயினும் தடுத்தனர். அவர்கள் காக்க நினைத்தது தோலை அன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பழம்பெருமை பேசுவோர்க்கும் ஒரு சொல். அவர்கள் போற்றும் சுசுருதர் பெயரால் வழங்கும் நூல் தோலுக்கு ஏழு அடுக்கு என்று எண்ணுகிறது. பிணத்தை நீரில் ஊறவைத்து, அடுக்கடுக்காய்த் தேய்த்து நீக்கி, கண்ணால் கண்டு கற்கவேண்டும் என்கிறது. தொட்டுக் கற்கச் சொன்ன நூலைப் பூசை அறையில் வைத்து, தொட்டால் தீட்டு என்ற நூலைத் தெருவெங்கும் ஆளவிட்டனர். 1836ஆம் ஆண்டு கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா தம் கையால் பிணத்தை அறுத்தபோது, அது நாடே வியந்து பேசிய துணிச்சலாயிற்று. அறிவு பெறத் தொடுவதற்கே துணிச்சல் வேண்டிய நாடாக இதை ஆக்கியது எது? விடை வேண்டியதில்லை.

தொடாமை வேறு, தீண்டாமை வேறு

"மருத்துவரும் சில நேரம் தொடாதே என்கிறாரே, அது தீண்டாமை இல்லையா?" என்று கேட்போர் உண்டு. நல்ல கேள்வி. சொறி உள்ளவரை, மருந்து வேலை செய்யும்வரை நீவக்கூடாது. திறந்த புண்மேல் கை வைக்கக்கூடாது. ஒருவரை நீவிய கையைக் கழுவாமல் இன்னொருவரை நீவக்கூடாது. 1847இல் வியன்னா நகரில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணஅறையிலிருந்து வந்தவர்கள் குளோரின் கரைசலில் கை கழுவிய பின்பே தாய்மாரைத் தொடவேண்டும் என்று விதித்தார். சாவு வெகுவாகக் குறைந்தது.

இந்தத் தொடாமையை மூன்று கேள்விகளால் உரசிப் பார்க்கலாம். காரணம் சோதனைக்கு உட்பட்டதா? உட்பட்டது, நுண்நோக்கியில் காட்டலாம். முடிவு உண்டா? உண்டு, கை கழுவினால், நோய் தீர்ந்தால் முடியும். விதித்தவனையும் கட்டுமா? கட்டும், மருத்துவரின் கையைத்தானே முதலில் கழுவச் சொல்கிறது! இதே மூன்றையும் சாதித் தீட்டிடம் கேளுங்கள். காட்டக் காரணம் இல்லை, செத்தாலும் முடிவில்லை, சுடுகாடும் தனி, விதித்தவனுக்கோ விலக்கு. தூய்மை என்ற ஒரே பெயரைச் சூட்டிக்கொண்டு அறிவும் ஆணவமும் வரும்போது, இந்த உரைகல்லைக் கையில் எடுங்கள்.

தொழுநோயாளரை ஊருக்கு வெளியே துரத்தினர், முற்பிறப்பின் பாவம் என்றனர். 1873இல் நார்வே நாட்டு ஹான்சன் அதன் கிருமியைக் கண்டார். 1981இல் உலக நலவாழ்வு நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே நோய் பிறருக்குப் பரவும் ஆற்றலை இழக்கிறது. பாவம் மாத்திரைக்குக் கரையுமா? வெண்புள்ளியும் செதிள்நோயும் தொற்றுவதே இல்லை. அப்படியிருந்தும் அந்த மக்களைத் தொட மறுக்கும் கைகள் எத்தனை! உடல் நீவப் பயின்ற கையும் அவற்றுள் ஒன்றானால் அந்தப் படிப்பால் என்ன பயன்?

கைக்குரிய அறம்

இறுதியாக, கடினமான கேள்வி. "என் தோல் எனக்குரியது. இன்னார் தொடவேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லையா?" உரிமை உண்டு. அதை நாம் மறுக்கவில்லை, உரக்கவே சொல்கிறோம். எவர் உடலையும் அவர் ஒப்புதலின்றித் தொடும் உரிமை எவருக்கும் இல்லை. கணவனுக்கும் இல்லை, மருத்துவருக்கும் இல்லை. ஒரு பெண், தன்னை நீவப் பெண்ணே வரவேண்டும் என்று கேட்டால் அதை ஏற்கவேண்டும். அவள் தன் பாதுகாப்பைக் கேட்கிறாள்; எதிரே நிற்பவன் பிறப்பை இழிக்கவில்லை.

சாதி கேட்டு ஒருவர் கையை மறுப்பவன் கேட்பது வேறு. தன் உடலுக்கு அவன் உரிமையாளன். பிறர் உடல் இழிந்தது என்று தீர்ப்பெழுத அவனுக்கு ஆட்சி ஏது? வலியோடு அவன் வீடு திரும்ப விரும்பினால் திரும்பட்டும். ஆனால், அவன் மனம் கோணாதிருக்க அந்தப் பணியாளரை அடுத்த அறைக்கு அனுப்பி, வேறு குலத்தவரை அழைக்கும் நிலையம் இருக்கிறதே, அது அவன் தீண்டாமைக்குத் தன் கையால் எண்ணெய் வார்க்கிறது. ஒருவன் உரிமை தன் தோலோடு முடிகிறது. அடுத்தவர் தன்மானம் அங்கிருந்து தொடங்குகிறது. எல்லை இதுவே.

உடல் நீவப் பயிலும் தம்பி, தங்கையரே! தொடுமுன் கேளுங்கள். நிறுத்து என்றால் நிறுத்துங்கள். கையைக் கழுவுங்கள், கருத்தையும் கழுவுங்கள். நீவினால் நச்சு எல்லாம் தோல் வழியே வெளியேறும் என்று விற்காதீர்கள். அந்தப் பணியை ஈரலும் சிறுநீரகமும் செய்கின்றன. எண்ணெய் எலும்புவரை இறங்கும் என்று ஏய்க்காதீர்கள். இறந்த அணுக்களின் அடுக்கு பெரும்பாலும் அதை வாயிலிலேயே நிறுத்திவிடுகிறது. தசை தளரும், வலி தணியும், மனம் அமைதி பெறும். உண்மையாக உங்களால் தரக்கூடியது இதுவே, இதுவே பெரிது.

கரு உருவாகும்போது மேல்தோலும் மூளையும் ஒரே புறப்படலத்திலிருந்து தோன்றுகின்றன. தோல் மூளையின் உடன்பிறப்பு! உடன்பிறந்த ஒன்று ஒவ்வொரு தொடுகையிலும் மெய் சொல்லிக்கொண்டிருக்கிறது. மற்றொன்று, பிறர் ஓதிய பொய்யை நம்பிக் கூசிக்கொண்டிருக்கிறது. அந்தக் கூச்சத்தைக் களையும் பணி நம்முடையது. தோல் தன் சாட்சியத்தைச் சொல்லி முடித்துவிட்டது. தீர்ப்பை நம் கைகள் எழுதட்டும்!